படம் எடுத்தால் போதுமா?

(மூன்றாம் ஆண்டு, வேதியியல்)

"படம் எடுத்தாயா?" என்று கேட்கிற உலகம் இது. "படம் போட்டாயா?" என்று கேட்பார் யாருமில்லை. படம் எடுப்பது ஒரு கலை என்றால், எடுத்ததைத் தாளிலே பதித்துக் காட்டுவது மற்றொரு கலை. இவ்விரண்டும் ஒருவர் கையிலேயே இருந்த காலம் ஒன்று உண்டு. பின்னர் அவை பிரிந்தன. இன்று இரண்டாவது கலை ஒன்று இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. கைப்பேசியில் ஆயிரம் படங்கள் வைத்திருக்கும் நண்பரிடம், "வீட்டுச் சுவரில் மாட்ட ஒன்று கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்!

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டின் பின்கட்டில் ஓர் இருட்டறை இருக்கிறது. என் பெரியப்பா மண்டபத்தில் நடத்தி வந்த சிறிய ஸ்டுடியோவை மூடியபோது, அங்கிருந்த என்லார்ஜர், தட்டுகள், சிவப்பு விளக்கு எல்லாம் அந்த அறைக்கு வந்து சேர்ந்தன. பல ஆண்டுகள் அவை தூசி படிந்து கிடந்தன. இரண்டாண்டுகளாக விடுமுறை இரவுகளில் நான் அவற்றோடு பொழுது போக்குகிறேன். "கலர் லேபில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் தருகிறார்களே, உனக்கேன் இந்தத் தொல்லை?" என்று கேட்காத நண்பர் இல்லை. அக்கேள்விக்கு விடை சொல்ல முயல்வதே இக்கட்டுரை. விடை நான் நினைத்த அளவுக்கு எளிதாக இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பொத்தானை அழுத்தினால் போதும்!

புகைப்படக் கலை நம் நாட்டுக்கு வந்த புதிதில் படம் எடுப்பவரே எல்லா வேலைகளையும் பார்த்தாக வேண்டும். 1856ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், மாட்டு வண்டிகளில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று ஊர் ஊராகச் சென்றார். கோயில்களையும் அரண்மனைகளையும் மெழுகு ஏற்றிய காகித நெகடிவ்களில் பிடித்தார். பிரிண்டுகளும் அவருடைய மேற்பார்வையிலேயே, அவருடைய உதவியாளர்கள் கையாலேயே உருவாயின. அவருடைய தலைமை உதவியாளர் பெயர் ஐயாசாமி என்று பதிவாகியிருக்கிறது. ஒரு சில ஆண்டுகளில் அப்போதைய ஆளுநர் டிரெவெல்யன், "இது வீண் ஆடம்பரம்" என்று கருதி அந்தப் பணியையே நிறுத்திவிட்டார். ஆயினும் 1858இல் வெளிவந்த மதுரைப் படங்கள் இன்றும் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

1888ஆம் ஆண்டில்தான் பெரிய மாற்றம் வந்தது. ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்ற அமெரிக்கர் கோடக் என்ற பெட்டிக் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். உள்ளே 100 படங்களுக்கான சுருள் இருக்கும். எடுத்து முடித்ததும் காமிராவையே ராச்செஸ்டர் நகரத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்கள் படங்களைக் கழுவி, பிரிண்ட் போட்டு, புதுச் சுருளும் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை அழுத்துவது உங்கள் வேலை, மற்றவை எங்கள் வேலை என்பதே அவர்கள் விளம்பரத்தின் சாரம். எடுப்பவர் வேறு, போடுபவர் வேறு என்ற இன்றைய ஏற்பாடு பிறந்தது அப்போதுதான். இதனால் ஏழை எளியவர் வீட்டிலும் படம் வந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கூடவே ஒன்று கைவிட்டுப் போயிற்று. அது என்ன என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

நம் தமிழ்நாட்டிலும் இத்தொழிலுக்குப் பெருமை உண்டு. 1960இல் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்திக்கு வந்த உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம், 'இந்து' என்ற பெயரில் பிலிமும் தாளும் செய்து தந்தது. பெரியப்பாவின் ஸ்டுடியோவில் 'இந்து' பெட்டிகள் சுவர் உயரம் அடுக்கியிருக்குமாம். கலர் வந்தது, பிறகு பிலிமே வேண்டாத காலம் வந்தது. அத்தொழிற்சாலை நலிந்து மூடப்பட்டது. இன்று வெளிநாட்டுத் தாளைச் சென்னையிலிருந்து வரவழைக்கிறேன். பெரிய தாள் ஒன்றின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் குறையாது.

இரு பெரியோர்

சொந்தமாகப் போடுவது மேலா, பிறரிடம் கொடுப்பது மேலா என்ற வழக்கில் இரு பக்கத்துக்கும் பெரிய சாட்சிகள் உண்டு.

அமெரிக்கரான ஆன்சல் ஆடம்ஸ் இளமையில் பியானோ பயின்றவர். அவர் நெகடிவைச் சுரம் எழுதிய தாளுக்கும், பிரிண்டை மேடைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டார். நமக்கு இது எளிதில் விளங்கும். ஒரே கீர்த்தனையை இரு வித்துவான்கள் பாடினால் இரண்டும் ஒன்றாகவா இருக்கின்றன? 1941இல் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் நிலவு எழும் காட்சியை அவர் படம் பிடித்தார். அந்த ஒரே நெகடிவை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பிரிண்ட் போட்டார். ஆரம்பத்துப் பிரிண்டுகளில் வானம் வெளிறியிருக்கும். பிற்காலத்தவற்றில் நள்ளிரவு போல் கறுத்திருக்கும்.

மறுபக்கம் பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்த்தியே பிரஸ்ஸோன். 1948 ஜனவரி 30ஆம் நாள் காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சற்று முன்னர் அவரைச் சந்தித்துப் படம் எடுத்தவர். இறுதி ஊர்வலத்தையும் எடுத்தவர். அந்த மாமேதைக்கு இருட்டறையில் நிற்பதில் ஆர்வமில்லை. பாரிசில் பியேர் காஸ்மன் என்பவர் நடத்திய லேபிலே அவருடைய படங்கள் அச்சாயின. ஆனால் ஒன்று: எந்தப் பிரிண்ட் எப்படி இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி வாங்கினார். போட்டவரும் அவர் மனத்தை அறிந்தவர்.

எனவே, "கலைஞன் என்றால் தானே போட வேண்டும்" என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெயிலும் ஐஸும் கடல்நீரும்

நம் கரையில் இருட்டறை வைத்துக்கொள்வது எளிதன்று. டெவலப்பர் 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும் என்று புட்டியில் எழுதியிருக்கிறது. அதை எழுதியவர் சித்திரை மாதத்தில் இராமேசுவரம் வந்து பார்த்ததில்லை போலும்! கதவு, சன்னல் எல்லாம் அடைத்த அறையில் நள்ளிரவிலும் 30 டிகிரிக்குக் குறையாது. சூடு மிகுந்தால் டெவலப்பர் பொறுமை இழந்து எல்லாவற்றையும் கறுப்பாக்கும். பிலிமின் மேலுள்ள ஜெலட்டின் இளகி உரியத் தொடங்கும். இதற்குப் பெரியப்பா கண்ட வழி மீனுக்குப் போடும் ஐஸ். ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு துண்டு வாங்கி, உடைத்து, அகன்ற அலுமினியத் தாம்பாளத்தில் பரப்பி, அதன்மேல் டெவலப்பர் தட்டை வைப்பார். நானும் அவ்வாறே செய்கிறேன். தாம்பாளத்தில் மீன் வாடை இருக்கும், படத்தில் இருக்காது.

அடுத்தது தண்ணீர். டெவலப்பரில் படம் எழுந்த பின், ஒளிபடாத வெள்ளிப் புரோமைடை ஹைப்போவில் கரைத்து நீக்குகிறோம். ஹைப்போ என்பது வேறொன்றுமில்லை. நம் ஆய்வுக்கூடத்தில் அயோடினுக்கு எதிராகப் பியூரெட்டில் நிரப்புகிறோமே, அந்தச் சோடியம் தயோசல்பேட்தான். வெள்ளி உப்புகளை அது கரைக்கும் என்று 1819இலேயே கண்டவர் ஜான் ஹெர்ஷல். ஆனால் ஹைப்போ தாளில் தங்கிவிட்டால் சில ஆண்டுகளில் படம் பழுத்து மஞ்சளாகிவிடும். ஆகவே கழுவ வேண்டும். பிளாஸ்டிக் பூச்சுத் தாளுக்குச் சில நிமிடங்கள் போதும். நெடுங்காலம் நிற்கும் பழைய வகைத் தாளுக்கோ ஓடும் நீரில் ஒரு மணி நேரம் வேண்டும்.

ஓடும் நீர்! ஒரு மணி நேரம்! இராமநாதபுரம் மாவட்டத்தில் தண்ணீரின் அருமையை யாருக்கும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடக்கும் தாய்மார்களைப் பார்த்துக்கொண்டே, ஒரு படத்துக்காக இத்தனை குடம் நீரைச் சாக்கடையில் விட மனம் வருமா? அம்மா ஒருநாள் வாசற்படியில் நின்று, "இது குடிக்கிற தண்ணி தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதற்கு விடை எங்கள் வாசலிலேயே இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையினருக்கும் இதே கவலை வந்தது. கப்பலில் நல்ல தண்ணீர் ஏது? அவர்கள் கடல்நீரில் கழுவிப் பார்த்தார்கள். நல்ல தண்ணீரைவிட உப்புநீர் ஹைப்போவை விரைவாக வெளியேற்றுகிறது என்று தெரிந்தது. முடிவில் உப்புப் போக நல்ல நீரில் சிறிது நேரம் அலசினால் போதும். அன்று முதல் நானும் சைக்கிளில் இரு கேன்களைக் கட்டிக்கொண்டு போய்க் கடல்நீர் எடுத்து வருகிறேன். வேட்டித் துணியில் வடிகட்டிப் பயன்படுத்துகிறேன். கடைசி அலசலுக்கு ஒரே ஒரு குடம் நல்ல தண்ணீர். அலசிய நீரில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலை ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். ஊதா நிறம் மறைந்தால் ஹைப்போ இன்னும் இருக்கிறது. நிலைத்தால் கழுவல் முடிந்தது.

இன்னொரு கடமையும் உண்டு. பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். கடல்வாழ் உயிர்களுக்கு வெள்ளி நஞ்சு. 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் நம் கண்ணெதிரே இருக்க, அதைக் கிணற்றங்கரையில் கொட்டலாமா? பழைய ஹைப்போவை ஒரு கேனில் ஊற்றி, பாத்திரம் துலக்கும் இரும்புக் கம்பிநாரைப் போட்டு வைக்கிறேன். இரும்பு கரைந்து வெள்ளியைக் கரிய சேறாகத் தள்ளிவிடும். நம் பேராசிரியர்கள் முதலாண்டில் நடத்திய இடப்பெயர்ச்சி வினைதான்!

தாத்தாவின் தழும்பு

இவ்வளவு பாடுபட்டு வீட்டிலே ஏன் போட வேண்டும்? இங்கே என் குடும்பத்துக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் தாத்தாவும் அப்பத்தாவும் தனுஷ்கோடியில் குடியிருந்தவர்கள். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வந்த புயல் அவ்வூரையே கொண்டு போயிற்று. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணி இரயிலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போயிற்று. அப்பத்தாவின் கலியாணப் படம் உட்பட அவர்களிடமிருந்த படங்கள் அத்தனையும் அன்று போயின. காற்றில் பறந்து வந்த தகரம் ஒன்று தாத்தாவின் இடப்புருவத்துக்கு மேலே கிழித்துவிட்டது. அந்தத் தழும்பு கடைசி வரை இருந்தது. 1978இல், ஸ்டுடியோ ஒன்றில் எடுபிடியாக இருந்த பெரியப்பா, இரவல் காமிராவில் தாத்தாவை வள்ளத்தின் அருகே நிற்க வைத்து ஒரு படம் எடுத்தார். தாத்தாவுக்கென்று எங்களிடம் இருப்பது அந்த ஒரே நெகடிவ்தான். சுவரில் மாட்டியிருந்த பழைய பிரிண்டைக் கடற்காற்றும் பூஞ்சணமும் தின்றுவிட்டன.

போன ஆண்டு அப்பா அந்த நெகடிவை வெளியூர் லேப் ஒன்றில் கொடுத்து, பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கி வந்தார். பளபளவென்று இருந்தது. அப்பத்தாவுக்கு 85 வயது. படத்தைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"யாரு அப்பு இது?" என்றார்.

"தாத்தாதான் அப்பத்தா. நல்லாப் பாருங்க."

"சாடை இருக்கு. தழும்பு எங்கே அப்பு?"

தழும்பு இல்லை. முகத்தில் சுருக்கம் இல்லை. வெயிலில் கறுத்த மேனி இரண்டு மூன்று நிறம் வெளுத்திருந்தது. லேப்காரர் மேல் குற்றமில்லை. அவரிடம் வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது அதைத்தானே? முகத்தைக் கண்டால் வெளுப்பாக்கு, புள்ளியைக் கண்டால் துடை என்று இயந்திரத்துக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள். எதைக் கண்டாலும் சராசரிச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவருவதும் தானியங்கி இயந்திரத்தின் இயல்பு. அதனால்தான் வாலிநோக்கம் உப்பளத்தின் வெண்மை அழுக்குச் சாம்பலாகிறது. அரிச்சல்முனை மணல் சிமென்ட் போலாகிறது. சராசரியான ஊருக்குச் சராசரி சரி. நம் ஊரின் ஒளி சராசரியானது அன்று. நம் மக்களின் நிறமும் அவ்வாறே.

அந்த நெகடிவை நான் இருட்டறைக்குக் கொண்டு போனேன். பெரியப்பா நாற்காலி போட்டு அருகில் அமர்ந்தார். உச்சி வெயிலில் எடுத்த படம். வானம் வெள்ளை, முகம் கறுப்பு. ஒரு துண்டுத் தாளில் 5, 10, 15, 20 விநாடிகள் ஒளி கொடுத்துப் பார்த்தோம். முகத்துக்குச் சரியானால் வானம் வெளிறியது. வானத்துக்குச் சரியானால் முகம் கரியாயிற்று. "முகத்தை மறைச்சுப் பிடி தம்பி" என்றார் பெரியப்பா. கம்பி நுனியில் ஒட்டிய காசளவு அட்டையை முகத்தின்மேல் நிழல் விழுமாறு அசைத்துக்கொண்டே இருந்து, முகத்துக்கு மட்டும் ஒளியைக் குறைத்தேன். பிறகு கையால் மற்ற இடத்தை மறைத்து, வானத்துக்குக் கூடுதலாகக் கொடுத்தேன். ஐந்தாவது தாளில் புருவத்துக்கு மேலே அந்தக் கோடு எழுந்து வந்தது. சிவப்பு விளக்கில் பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. தட்டை மட்டும் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளது உள்ளபடி?

கட்டுரையை இங்கே முடித்திருந்தால், "இயந்திரம் பொய், கை மெய்" என்று ஆகியிருக்கும். ஆனால் எண்ணிப் பார்த்தால் அது நியாயமன்று. லேப்காரர் தாத்தாவின் முகத்தை மாற்றினார். நானும்தானே அட்டையைப் பிடித்து மாற்றினேன்? ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கரிய திட்டுதான் இருந்திருக்கும். டிரைப்பின் காலத்து நெகடிவ் வானத்தை வெறும் வெள்ளையாகவே காட்டியது. அவரும் தம் நெகடிவ்களில் மேகங்களைத் தீட்டினார். ஆடம்ஸ் வானத்தைக் கறுக்க வைத்தார். ஆகவே, உள்ளது உள்ளபடி வருகிற பிரிண்ட் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு பிரிண்டிலும் யாரோ ஒருவர் எதையோ வைக்கிறார், எதையோ விடுகிறார்.

அப்படியானால் வேறுபாடு எங்கே? போடுபவருக்கு அந்த மனிதரைத் தெரியுமா என்பதிலே இருக்கிறது. தாத்தாவின் தழும்பு லேப்காரருக்கு ஒரு கறை. எங்களுக்கு அதுவே அந்த இரவு. 1888இல் கைவிட்டுப் போனது என்று முன்பு சொன்னேனே, அது இதுதான்: எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும் உரிமை.

அந்த உரிமையைக் காக்க எல்லாரும் வீட்டில் இருட்டறை கட்ட வேண்டியதில்லை. கலியாண ஆல்பத்தையும், கல்லூரி ஆண்டு விழாப் படங்களையும், நுழைவுச் சீட்டுக்கான படத்தையும் லேபில்தான் கொடுக்க வேண்டும். கலர்ப் படத்துக்கு வேண்டிய ரசாயனமும் வெப்பக் கட்டுப்பாடும் வீட்டில் கட்டுபடி ஆகாது. நூறு பிரிண்ட் வேண்டுமென்றால் என் இருட்டறை ஒரு மாதம் கேட்கும், பணமும் பன்மடங்கு. ஆனால் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று இரண்டு வார்த்தை சொல்லுங்கள். "நிறத்தை மாற்றாதீர்கள். தழும்பைத் துடைக்காதீர்கள். மணல் வெள்ளையாகவே இருக்கட்டும்." கார்த்தியே பிரஸ்ஸோன் செய்தது அதுதான். சொன்னால் கேட்கிற லேப்காரர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள், சொல்கிறவர்கள்தாம் குறைவு.

வீட்டில் போட வேண்டிய படங்கள் சில உண்டு. அவை ஒரு குடும்பத்தில் ஐந்தாறுக்கு மேல் இரா. அவற்றுக்காக இரவு விழிக்கலாம், ஐஸ் சுமக்கலாம், கடல்நீர் வடிகட்டலாம்.

முடிவாக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியடியிலோ பழைய நெகடிவ்கள் இருக்கும். ஐப்பசி ஈரம் வருவதற்கு முன் எடுத்துப் பாருங்கள். ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறையிலிருந்து மாற்றிக் காகித உறையில் வையுங்கள். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மூடப்போகும் ஸ்டுடியோ உங்கள் தெருவில் இருந்தால் உங்கள் வீட்டு நெகடிவ்களைக் கேட்டு வாங்குங்கள். பிறகு அவற்றில் ஒன்றையாவது, லேபிலோ வீட்டிலோ, நல்லபடியாகப் பிரிண்ட் போடுங்கள். அதைத் தள்ளிப் போடாதீர்கள். அந்த முகத்தை நேரில் பார்த்த ஒருவர் வீட்டில் இருக்கும்போதே போட்டால்தான், "தழும்பு எங்கே?" என்று கேட்க ஆள் இருக்கும்.